‘குறைவு’ என்று எழுதுவதும் ‘கையாடல்’ என்று எழுதுவதும்

கோயில் நகைத் தணிக்கையில் எடை போடும் வரை யாருக்கும் வார்த்தை தடிப்பதில்லை. அறிக்கை எழுத உட்காரும்போதுதான் சச்சரவு ஆரம்பிக்கும். பதிவேட்டில் உள்ளதைவிட ஐம்பது கிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவில் ஒருவர் ‘கையாடல்’ என்று எழுதச் சொல்வார். இன்னொருவர், “சாமி காரியம், ஒண்ணும் எழுத வேண்டாங்க” என்பார். முதலாமவர் கையில் ஆதாரம் இல்லை. இரண்டாமவர் ஆதாரம் தேடவே விடமாட்டார். பக்தர்கள் நம்பிக் கொடுத்த பொருளுக்கு இந்த இரண்டுமே துரோகம்தான்.

முதலில் அந்த ஐம்பது கிராம் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பதக்கங்களிலும் அட்டிகைகளிலும் உள்ளே அரக்கு அடைத்திருக்கும். அரக்கும் கல்லும் சேர்ந்தது மொத்த எடை, அவற்றைக் கழித்தது நிகர எடை. ஒரு சரிபார்ப்பில் மொத்த எடையும் அடுத்ததில் நிகர எடையும் ஒரே கட்டத்தில் ஏறிவிட்டால், நகையை யாரும் தொடாமலே தங்கம் குறைந்துபோகும். அளவு மாறும் இடம் இன்னும் மோசம். தோலா என்ற பழைய நிறை அளவு 11.664 கிராம். பேச்சு வழக்கில் அதைப் பத்து கிராம் என்றே பலர் வைத்துக்கொள்வார்கள். 1000 கிராம் உள்ள கவசத்தை ஒருவர் ‘100 தோலா’ என்று எழுதிவைத்துப் போக, பின்னால் வருபவர் சரியான கணக்கில் பெருக்கினால் 1166 கிராம் வரும். காகிதத்தில் 166 கிராம் திருட்டுப் போயிருக்கும். பழைய இங்கிலாந்துப் பவுன் காசு 7.988 கிராம், கடைப் பவுன் 8 கிராம். நூறு பவுனுக்கு அதிலேயே 1.2 கிராம் வித்தியாசம்.

அதனால் கடைசி மூன்று சரிபார்ப்புகளின் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். நகைகளை மூட்டையாக நிறுக்கக் கூடாது, ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டும். முத்திரையிட்ட தராசு வேண்டும். சாவி வைத்திருப்பவர் எதிரில் இருந்து, ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட வேண்டும். கொக்கி பற்றவைத்த செலவுச் சீட்டு, சேதாரக் குறிப்பு எல்லாம் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. இவ்வளவுக்குப் பிறகும் நிற்கிற குறைவுதான் குறைவு.

திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலில் உச்ச நீதிமன்றம் நியமித்த சிறப்புத் தணிக்கையை முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) வினோத் ராய் செய்தார். 2016-ல் வந்த அந்த அறிக்கையின் தங்கக் குடக் கணக்கு இன்றும் எடுத்துப் படிக்க வேண்டிய பாடம். குடங்களில் வரிசை எண் 1988 வரை இருந்தது. 822 குடங்கள் உருக்கப்பட்டதற்குக் கணக்கு இருந்தது. மீதி 1166 இருக்க வேண்டும். இருந்தவை 397. ஆக 769 குடங்களைக் காணவில்லை, மதிப்பு 186 கோடி ரூபாய். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது ஒரு ஊகத்தின் மேல் நிற்கிறது: 1988 என்ற எண் இருந்தால் அதற்கு முந்தைய எல்லா எண்ணிலும் ஒரு குடம் இருந்திருக்கும் என்பது. நியாயமான ஊகம்தான். நிர்வாகத்தை நிறுத்திக் கேள்வி கேட்க அது தாராளமாகப் போதும். ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மட்டும் போதாது. எந்தக் குடம், எந்த நாளில், யார் பொறுப்பில் இருந்து போனது என்பது அந்தக் கழித்தலில் இல்லை.

சபரிமலைக் கோயிலின் துவாரபாலகர் சிலைகளை மூடியிருந்த தகடுகளின் விவகாரத்தை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 2019-ல் முலாம் பூசுவதற்காகத் தகடுகள் வெளியே போனபோது ஆவணத்தில் ‘செம்புத் தகடு’ என்று எழுதப்பட்டது. அவற்றின் மேல் தங்கம் போர்த்தியிருந்தது. கழற்றியபோது எடை 42.8 கிலோ. ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துச் சென்னையில் நிறுத்தபோது 38.258 கிலோ. 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் இந்த இடைவெளியைக் கவனித்துச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. இங்கே தேதி இருக்கிறது, இரண்டு எடை இருக்கிறது, ஒப்படைத்த கையும் வாங்கிய கையும் இருக்கின்றன. பொருளின் பெயரையே மாற்றி எழுதிய ஒரு சொல்லும் இருக்கிறது. யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் குற்ற விசாரணை கேட்பதற்கு வேண்டிய அடித்தளம் ஊகத்தில் இல்லாமல் காகிதத்திலேயே கிடந்தது.

சட்டமும் இப்படித்தான் படிப்படியாகக் கேட்கிறது. துறை விசாரணைக்கும் உரிமையியல் வழக்குக்கும் எது அதிகம் நடந்திருக்கக்கூடும் என்பது போதும். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். நம்பிக்கை மோசடிக்கு (பாரதிய நியாய சன்ஹிதாவில் 316, 2024 ஜூலை 1-க்கு முந்தைய செயலுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 405) பொருள் ஒப்படைக்கப்பட்டதைக் காட்டினால் மட்டும் ஆகாது. அதை நேர்மையின்றிக் கையாண்டதையும் காட்ட வேண்டும். அலட்சியம் வேறு, நேர்மையின்மை வேறு. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவர் பொறுப்பற்றவர். அதனாலேயே அவர் திருடர் ஆகிவிட மாட்டார்.

‘தேவஸ்தானம் ஏமாற்றியது’, ‘சபை மறைத்தது’ என்று நிறுவனத்தின் மேல் எழுதும்போது இன்னொரு படி ஏற வேண்டியிருக்கிறது. காசாளர் ஒருவர் செய்ததை நிறுவனம் செய்ததாகச் சொல்ல முடியாது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குத் தீர்மான நகல், முந்தைய தணிக்கைத் தடை (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபம்), அதற்கு அவர்கள் எழுதிய பதில் என்று ஏதாவது வேண்டும். ஒரே தடை மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தும் பதில் வரவில்லை என்றால், ‘தெரியாது’ என்ற வாதம் அங்கே முடிந்துபோகும். அவதூறுச் சட்டம் தனி மனிதருக்கு மட்டும் அல்ல, அமைப்புகளுக்கும் பொருந்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும்போது நிர்வாகங்கள் ஒரு வாதத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு: “நிரூபித்துவிட்டு வந்து கேளுங்கள்.” இது ஏற்கவே கூடாத வாதம். உண்டியலில் போட்டவருக்கு ரசீது இல்லை. எவ்வளவு விழுந்தது என்பதற்கு எண்ணிக்கை நாளின் பதிவேடு ஒன்றே சாட்சி, அதுவும் நிர்வாகத்தின் கையில். ஆதாரம் முழுவதும் எவரிடம் இருக்கிறதோ அவர்தான் கணக்குக் காட்ட வேண்டும். கேள்வி கேட்க ஒரு பொருந்தாத எண் போதும். பதிவேட்டைத் தர மறுத்தால் அந்த மறுப்பே அறிக்கையில் தனிப் பத்தியாக ஏற வேண்டும்.

அந்த ஐம்பது கிராமைத் தணிக்கை அறிக்கையில் நாங்கள் எழுதும் விதம் இது: “பதிவேட்டின் இந்தப் பக்கம், இந்த வரிசை எண்ணில் கண்ட நகை, இன்ன தேதியில் பொறுப்பாளர் முன்னிலையில் தனியாக நிறுத்தபோது நிகர எடையில் 50 கிராம் குறைவாக இருந்தது. முந்தைய சரிபார்ப்பும் நிகர எடையே. இடைப்பட்ட காலத்தில் பழுதுபார்ப்புச் சீட்டு எதுவும் காட்டப்படவில்லை. 15 நாளுக்குள் விளக்கம் கோரப்பட்டுள்ளது.”