இங்கே பதினொன்றரை, ஷார்ஜாவில் பத்து

2025 ஜனவரி 27, திங்கள்

பிப்ரவரி 13 உலக வானொலி தினம். எங்கள் வானொலி நிலையத்தின் அன்றைய மாலை நிகழ்ச்சிக்கு “சமூக ஊடகமும் உறவுகளும்” என்ற தலைப்பு என் பங்குக்கு வந்திருக்கிறது. அரை மணி நேரம். ஒரு மனநல ஆலோசகரைக் கூப்பிட்டுப் பத்துக் கேள்வி கேட்டால் போதும் என்றார் நிலையப் பொறுப்பாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. செல்போன் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று பேச ஆளுக்கா பஞ்சம்? பட்டுக்கோட்டையைச் சுற்றி எந்தத் தெருவுக்குள் போனாலும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் வீடு குறைந்தது நாலு இருக்கும். அந்த வீடுகளில் புருஷன் பெண்டாட்டி பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாமே போனில்தான். அங்கிருந்து ஒருவர் வந்து பேச வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

மூன்று வீட்டில் “வேணாம்மா” என்றார்கள். நான்காவது வீட்டுப் பெண் சம்மதித்தாள். தையல் வேலை செய்கிறாள். கணவர் ஐந்து வருடமாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்.

ஒரு தப்புச் செய்துவிட்டேன். டீ குடிக்கும்போதே முழுக் கதையையும் கேட்டுவிட்டேன். ஒருமுறை சொன்னதை மைக் முன்னால் மறுபடி சொல்லச் சொன்னால் ஒப்பித்தது மாதிரி வரும். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் ஆர்வம் தாங்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

எழுதி வைத்த 22 கேள்விகளில் 7 மிச்சம். “போனால் உங்களுக்குள் பிரச்சினை வந்ததா?” மாதிரி ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளையெல்லாம் அடித்துவிட்டேன்.

ஷார்ஜா இருக்கும் அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் செய்தி அனுப்பலாம், ஆனால் அழைத்துப் பேச முடியாது. அதற்கு போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற செயலி வேண்டும். நினைத்த நேரத்தில் பேச முடியாததால் நாள் முழுக்க எழுத்திலேயே ஓடுகிறது. எழுத்தில் பதில் வராத நேரங்களில் டிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அனுப்பியதை அடுத்தவர் பார்த்துவிட்டார் என்று காட்டும் நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. அதற்கு முன்பு “பார்த்திருக்க மாட்டார்” என்றாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

ஒலிப்பதிவு. ஃபேனை நிறுத்தியதும் அறை புழுங்கிவிட்டது. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பயந்தபடியே முதல் பத்து நிமிடம் ஒப்பிப்புத்தான். கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தேன். “உன் போனை ஃபிளைட் மோடில் போட்டுக் கையில் எடும்மா. ராத்திரி என்ன பார்ப்பியோ அதை வரிசையா சொல்லு” என்றேன். (ஃபிளைட் மோடில் போடாவிட்டால் சிக்னல் இரைச்சல் பதிவில் விழும்.)

குரலே மாறிவிட்டது.

“பதினொன்றரைக்கு ஒரு தடவை எடுப்பேன்கா. அங்க பத்து மணி. ‘சாப்டீங்களா’ன்னு நான் போட்டது நீலமா இருக்கும். பதில் இருக்காது. மேல பார்த்தா ஆன்லைன்னு காட்டும். யார்கூடன்னு தோணும். வச்சிட்டு, திரும்ப எடுப்பேன்.”

ஒருநாள் கோபத்தில் தன் லாஸ்ட் சீனை, அதாவது கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பைத் திறந்தாள் என்று காட்டுவதை, மறைத்திருக்கிறாள். நாம் மறைத்தால் அடுத்தவருடையதும் நமக்குத் தெரியாமல் போகும் என்பது அவளுக்குத் தெரியாது. அங்கே அவர், இவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துவிட்டார். பதினொரு நாள் பேச்சில்லை. அவர் ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுக்கிறார், பதில் எழுதும் முன்பே தூங்கிவிடுவார், பக்கத்துக் கட்டில்காரரும் அதே போனில் வீடியோ பார்ப்பார் என்பதெல்லாம் பிறகுதான் வெளியே வந்தது. வாங்கிய கடனைப் பற்றியும் அழுதுகொண்டே சொன்னாள்.

நான் கேட்காமலே சொன்ன ஒன்று: “மாமா அந்தக் காலத்துல சவூதியில இருந்து கேசட்டுல பேசி அனுப்புவாங்களாம். அத்தை திருப்பிப் பேசி அனுப்புறதுல மாடு கத்துறது, பாத்திரம் உருள்றது எல்லாம் விழுந்திருக்குமாம். அதைக் கேட்டுத்தான் மாமா அழுவாங்களாம்.”

ஆலோசகரை இன்னொரு நாள் அழைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

41 நிமிடத்தை 26-க்குக் கொண்டுவந்தேன். மூச்சு, தயக்கம் எதிலும் கை வைக்கவில்லை. “அது வந்து...” என்று அவள் இழுப்பதை வெட்டினால் அவளே அதில் இல்லாமல் போய்விடுவாள்.

மாலையில் போன் வந்தது. “அக்கா, குரலை வச்சே கண்டுபிடிச்சிடுவாங்களே.” நியாயமான பயம். எங்கள் டிரான்ஸ்மிட்டர் 50 வாட். பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில்தான் கேட்கும், ஆனால் அவளை அறிந்தவர்கள் எல்லோரும் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார்கள். பெயரை நீக்கி என்ன பயன்? குரலைக் கருவியில் மாற்றலாம் என்றார் பொறுப்பாளர். குற்றவாளியின் குரல் போல ஆகிவிடும் என்று மறுத்தேன். கடைசியில் அவளிடமே சொன்னேன்: உன் வீட்டுக்காரர் முதலில் கேட்கட்டும், இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் ஒலிபரப்ப மாட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதத்தை விட இது பெரியது.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

நேற்று இரவு ஆடியோவை அனுப்பி, கூடவே ஒரு குரல் செய்தியும் போட்டிருக்கிறாள். குரல் செய்தியைக் கேட்டுவிட்டால் அதிலுள்ள மைக் படம் நீலமாகும். அதை மட்டும் செட்டிங்கில் நிறுத்த முடியாது. 10:40-க்கு நீலமாகியிருக்கிறது. பதில் இல்லை. இவளும் தூங்கவில்லை, நானும் சரியாகத் தூங்கவில்லை.

காலை ஏழு மணிக்கு அவரே போட்டிமில் அவளை அழைத்திருக்கிறார். நான் கோயிலில் இருந்தபோது எனக்கும் ஒரு குரல் செய்தி: “அக்கா, மொட்டை மாடிக்குப் போய் ரெண்டு தடவை கேட்டேன். அவ ராத்திரி அப்படி முழிச்சிருப்பான்னு எனக்குத் தெரியாது. போடுங்க. கடன் விஷயத்தை மட்டும் எடுத்துருங்க. எங்க அப்பா கேட்டா சங்கடப்படுவாரு.”

பிப்ரவரி 12, புதன்

கடன் பகுதி 14 விநாடி. எடுத்துவிட்டேன். முன்னும் பின்னும் ஒட்டும் இடத்தில் அறையின் அமைதியைக் கொஞ்சம் வைத்தேன். அதற்காகத்தான் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் யாரும் பேசாத அரை நிமிடம் எடுத்து வைப்பது.

நாளை மாலை ஏழு மணிக்கு ஒலிபரப்பு. அங்கே ஐந்தரை, அவர் டியூட்டியில் இருப்பார். அவருக்கு இறுதி வடிவத்தை அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்கா. எங்க வீட்டு ரேடியோவுல வர்றதையே போன்ல பதிஞ்சு நான் அனுப்பிக்கிறேன். அத்தை பேசுறதும் அதுல விழும்ல.”