பழைய டேண்டம் சைக்கிள்: எந்த ஆண்டு, என்ன பெறும்?

பழைய டேண்டம் (இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்) ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் குனிந்து பார்ப்பது, முன்னால் கம்பெனிப் பெயரோடு இருக்கும் ஹெட் பேட்ஜை. அதைக் கடைசியில் பாருங்கள். பேட்ஜ் என்பது இரண்டு ஆணியில் நிற்கும் தகடு; கழற்றி மாட்டிவிடலாம். ஸ்டிக்கர்கள் இன்றும் புதிதாக அச்சாகி விற்பனைக்கு வருகின்றன. 'ரெனால்ட்ஸ் 531' என்ற உயர்ரக உருக்குக் குழாயின் பெயர் ஒட்டியிருப்பதாலேயே ஃப்ரேமின் குழாய் 531 ஆகிவிடாது. (அந்தக் குழாய் வந்ததே 1935இல்தான். அதற்கு முந்தைய வண்டி என்று சொல்லி யாராவது இந்த ஸ்டிக்கருடன் காட்டினால் சிரித்துக்கொள்ளலாம்.)

சீட் போஸ்ட்டை உருவி வெர்னியர் வைத்து அளந்தால் பாதி உண்மை வெளியே வரும். 28.6 மி.மீ. சீட் குழாய்க்குள் 27 மி.மீ.யை ஒட்டிய போஸ்ட் இறங்குகிறது என்றால் குழாயின் சுவர் மெல்லியது, தரமான உருக்காக இருக்க வாய்ப்பு அதிகம். 25.4 மி.மீ. போஸ்ட் என்றால் சுவரே 1.6 மி.மீ.; பெரும்பாலும் சாதாரணக் குழாய். ஆனால் டேண்டமுக்குக் கொஞ்சம் சலுகை தர வேண்டும். இரண்டு பேர் எடையைத் தாங்க நல்ல பட்டறைகளும் தடித்த குழாய் போட்டதுண்டு.

எந்த நாட்டு வண்டி என்பதை மரை சொல்லும். பெடல் அச்சு சுழலும் கூட்டுக்கு (ஷெல்) பாட்டம் பிராக்கெட் என்று பெயர்; டேண்டமில் அது இரண்டு. முன் ஷெல்லில் எக்சென்ட்ரிக் உருளை (திருப்பினால் அச்சை நகர்த்திச் செயினை இறுக்கும் உருளை) இருக்கும் என்பதால் பின் பாட்டம் பிராக்கெட்டை அளப்பது சுலபம். இங்கிலாந்து மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. வலப்பக்கக் கப் (பேரிங்கைத் தாங்கும் கிண்ணம்) இடமரை. பழைய பிரெஞ்சு மரை 35 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி, இரண்டு கப்புமே வலமரை. இத்தாலி 36 மி.மீ., அங்கும் இரண்டும் வலமரை. எந்தப் பக்கம் சுற்றினால் கழல்கிறது என்று தெரியாமல் நீளக் கம்பியை மாட்டி ஏறி மிதித்து, இடமரைக் கப்பை இன்னும் இறுக்கி, விளிம்பை நாசமாக்கியவர்கள் நிறையப் பேர். ஜப்பானியத் தயாரிப்புகளிலும் இங்கிலாந்து மரையே அதிகம். எனவே இந்தச் சோதனையில் பிரெஞ்சு வண்டி பெரும்பாலும் தனித்து நிற்கும். மற்றதற்குத் துணைச் சாட்சி வேண்டும்.

ஆண்டுக்கு உதிரிபாகங்களைப் பாருங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பின் உடலில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் மாதமும் பொறித்திருக்கும்: 58, 3 என்றால் 1958 மார்ச். ஷிமானோவில் இரண்டு எழுத்து, முதல் எழுத்து ஆண்டு, 'ஏ' என்றால் 1976, இரண்டாவது மாதம். அமெரிக்க ஷ்வின் ஃப்ரேம்களில் 1965 முதல் சீரியல் எண்ணின் முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு. ஒரே ஒரு பாகத்தை நம்பி முடிவுக்கு வரக் கூடாது. டேண்டமின் பின்சக்கரத்தில்தான் எடை அதிகம், கம்பிகள் உடைவதும் அங்கேதான், ஹப்போடு சக்கரமே மாறியிருப்பதும் அங்கேதான். முன் ஹப், டெரெய்லர் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி), கிராங்க் (பெடல் மாட்டும் கை) மூன்றும் ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளிக்குள் ஒத்துப்போனால் நம்பலாம். 40 அல்லது 48 கம்பித் துளை உள்ள ஹப் அப்படியே இருந்தால் அது நல்ல சகுனம்.

இடப்பக்க டைமிங் செயினை மட்டும் அவசரப்படாமல் கவனியுங்கள். முன்னோட்டியின் மிதி வலு அந்தச் செயின் வழியாகப் பின்னே போகிறது. ஆகவே இடப்பக்கக் கிராங்குகள் இரண்டிலுமே பல்சக்கரம் இருக்கும், பெடல் துளையில் இடமரை இருக்க வேண்டும். சாதாரண வலப்பக்கக் கிராங்கை யாரோ இடப்பக்கம் மாட்டியிருந்தால் பெடல் வலமரையில் ஏறியிருக்கும். ஓட ஓடத் தளர்ந்து வரும். அசல் டேண்டம் கிராங்க் செட் கிடைப்பது அரிது. எனவே இந்த ஒரு குறைக்கே விலையில் பெரும் பகுதியைக் கழிக்கலாம். அடுத்து எக்சென்ட்ரிக்: பிடிப்பைத் தளர்த்தியதும் திரும்ப வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் டைமிங் செயினை இழுத்துக் கட்ட வழியில்லை. எண்ணெய் விட்டு நாட்கணக்கில் பொறுத்திருப்பதே முறை, சுத்தியல் எடுத்தால் ஷெல் கோணும். டவுன் டியூபின் (முன்பக்கத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும் குழாய்) அடியில், ஹேண்டில்பார் அச்சு நிற்கும் ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால் பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சுருக்கம் இருந்தால் வண்டி முன்னால் மோதியிருக்கிறது. பிறகு அது சுவரில் மாட்டத்தான்.

இனி மதிப்பு. பெரும்பாலான பழைய டேண்டம்கள், வைத்திருப்பவர் நினைப்பதில் பாதிகூடப் பெறாது. இருவருக்கும் உயரம் பொருந்த வேண்டும், நிறுத்த இடம் வேண்டும், பார்சலில் அனுப்புவதும் பாடு. வாங்குபவர் வட்டம் குறுகிவிடும். விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் முடிந்த விலையைப் பாருங்கள். விதிவிலக்கு உண்டு: பாரிஸின் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சாங்கே, இங்கிலாந்தின் ஜாக் டெய்லர் சகோதரர்கள் கட்டியவை. இவற்றில் அசல் பெயிண்ட், கீறலோடு இருந்தாலும், புதுப் பெயிண்டைவிட மேல். தெரியாமல் பவுடர் கோட்டிங் அடித்தால் காசைக் கொடுத்து மதிப்பைக் குறைத்ததாகும்.

மற்றவற்றுக்கு ஓட்டத் தயாரான நிலையின் விலையை எடுத்துக்கொண்டு டயர், கேபிள், செயின், பேரிங் செலவைக் கழியுங்கள். ரிம் அளவு 650பி, 27 அங்குலம் என்று எதுவானாலும் டயரின் பக்கத்தில் உள்ள 584, 630 போன்ற மி.மீ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். '26 அங்குலம்' என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் உண்டு. இறுகிப்போன சீட் போஸ்ட்டுக்குத் தனியாகக் கழியுங்கள். அது டேண்டமில் இரண்டு இருக்கிறது, இரண்டையும் ஆட்டிப் பாருங்கள்.