பழைய டீசல் லாரிக்குக் கூலன்ட் மாற்றுவதற்கு முன், தண்ணீரைப் பாருங்கள்

சேலத்துப் பட்டறையில் பழைய லாரியின் ரேடியேட்டரைப் பிரித்தால் பழுப்புத் துருவும் வெள்ளைப் பொருக்கும் சேர்ந்தே கிடக்கும். துரு இன்ஜின் பிளாக்கிலிருந்து வருவது. பொருக்கு நம் தண்ணீர் கொடுத்தது. ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளைக்கல் (மக்னசைட்) சுரங்கங்கள் இருக்கிற ஊர் இது. அந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் பஞ்சமில்லை. எந்த கம்பெனி கூலன்ட் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், அதை எந்தத் தண்ணீரில் கலக்கப் போகிறோம் என்று பார்ப்பதுதான் முறை.

கனரக இன்ஜின்களில் கலக்கும் தண்ணீருக்குச் சொல்லப்படும் உச்சவரம்பு இது: கடினத்தன்மை 170 பிபிஎம் (பத்து லட்சத்தில் 170 பங்கு), குளோரைடு 40, சல்பேட் 100, மொத்தக் கரைபொருள் (டிடிஎஸ்) 340. டிடிஎஸ் மீட்டர் கடைசி எண்ணை மட்டும்தான் காட்டும், குளோரைடைக் காட்டாது. அதனால் பேட்டரிக் கடையில் கேனில் கிடைக்கும் டிஎம் வாட்டரையே (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) வாங்கிவிடுங்கள். கூலன்ட் செலவோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

அடுத்து, உள்ளே இருப்பது என்ன அழுக்கு என்று பார்க்க வேண்டும். மூடியைத் திறந்ததும் விரலில் பிசுபிசுப்பு ஒட்டினால் ஆயில் கலந்திருக்கிறது. ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கலாம், அதைச் சரிசெய்யாமல் ஃப்ளஷ் செய்வது, அதாவது உள்ளே கழுவுவது, வீண். சரிசெய்த பிறகு, நுரைக்காத காரவகை கிளீனரை முதலில் ஓட்டுங்கள். எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை ஆசிட் பொருக்கைத் தொடாது. லீக்கை நிறுத்த வழியில் யாராவது மஞ்சள்தூள் கொட்டினார்களா என்று டிரைவரிடம் கேளுங்கள். கொட்டியிருந்தால் குழாய்களில் அது களிம்பாக இறுகியிருக்கும், எந்த ரசாயனத்துக்கும் லேசில் கரையாது. ரேடியேட்டர் கடையில் தொட்டியைக் கழற்றி, குழாய்க்குள் கம்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பொருக்குக்கு சிட்ரிக் ஆசிட் போதும். லிட்டருக்கு 50 கிராம் கணக்கில், 24 லிட்டர் கொள்ளளவு என்றால் 1.2 கிலோ. தெர்மோஸ்டாட்டை (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றி வைத்துவிட்டு, இன்ஜினைச் சூடாக்கி ஒரு மணி நேரம் ஓட்டி இறக்கிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டாம். ரேடியேட்டர் அலுமினியமாக மாற்றப்பட்டிருந்தால் சிட்ரிக்கை விட்டுவிட்டு, அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும் கிளீனரை வாங்குங்கள். பாத்ரூம் ஆசிட்டை மட்டும் எந்த வண்டியிலும் ஊற்றாதீர்கள், அது ஈயப் பற்றவைப்பையே தின்றுவிடும். பொருக்கு போனதும் பழைய பித்தளை ரேடியேட்டர் ஒழுகினால் கிளீனரைத் திட்டிப் பயனில்லை. ஓட்டை முன்பே இருந்தது, பொருக்குதான் அடைத்துக்கொண்டிருந்தது.

இறக்கும்போது ரேடியேட்டர் குழாயோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. பாதி அழுக்கு பிளாக்கிலேயே தங்கிவிடும். பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள டிரெயின் பிளக்கையும் கழற்றுங்கள். கழற்றியும் தண்ணீர் வரவில்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தினால் முதலில் செம்மண் போலக் குழம்பு வரும், பிறகுதான் தண்ணீர். தெளிவாக வரும்வரை சாதாரணத் தண்ணீரில் கழுவலாம். கடைசி இரண்டு முறை டிஎம் வாட்டர்தான், ஏனென்றால் பிளாக்கில் தங்கப்போவது அந்தக் கடைசித் தண்ணீர்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடாமல் விடுவது நம் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கெட்ட வழக்கம். பல இன்ஜின்களில் அது திறக்கும்போதே, ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வழியை மூடுகிறது. அது இல்லையென்றால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், தொப்பூர் ஏற்றத்தில் வெப்பமானி முள் மேலே போகும். சமதரையிலோ இன்ஜின் சூடேறாமல், பிஸ்டன் ஓடும் உருளை உறையான லைனர் தேயும்.

இனி கூலன்ட். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சைக்கும் சிவப்புக்கும் பொது விதி எதுவும் கிடையாது. பின்பக்க எழுத்தைப் படியுங்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எண் டி3306 மட்டும் போட்டிருந்தால் அது கார் கூலன்ட். டி4985 என்றால் கனரகத்துக்கானது, ஆனால் எஸ்சிஏ என்ற கூடுதல் மருந்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். டி6210 என்றால் மருந்து ஏற்கனவே உள்ளே இருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கும் பித்தளை ரேடியேட்டரும் உள்ள பழைய லாரிக்கு என் தேர்வு டி6210.

அந்த மருந்து எதற்கு? லைனரின் வெளிப்பக்கம் தண்ணீரைத் தொடும் வெட் லைனர் இன்ஜினில் பிஸ்டன் அடிக்கும்போது லைனர் சுவர் அதிர்கிறது, வெளிப்பக்கத் தண்ணீரில் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் இரும்பில் ஊசிமுனைக் குழி போடும், நாளடைவில் குழி ஓட்டையாகி ஆயிலில் தண்ணீர் இறங்கும். மருந்திலுள்ள நைட்ரைட் அந்தச் சுவரில் ஒரு மெல்லிய காப்புப் படலம் போடுகிறது. டி6210 கூலன்ட்டில் நைட்ரைட் மட்டும் என்றால் குறைந்தது 1200 பிபிஎம், நைட்ரைட்டும் மாலிப்டேட்டும் சேர்ந்து என்றால் 780. டெஸ்ட் ஸ்ட்ரிப் இருந்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும். கம்மின்ஸ் 6பிடி போல லைனரே இல்லாத பிளாக்குக்கு இந்தக் கவலை குறைவு.

மருந்துதானே என்று இரண்டு பாட்டில் கூடுதலாக ஊற்றுவது ஆபத்து. அளவு மிஞ்சினால் உப்பாகப் படியும், கூழாகத் திரளும், வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும். கூலன்ட் ஃபில்டர் உள்ள வண்டியாக இருந்தால் ஃபில்டருக்குள்ளும் மருந்து இருக்கலாம். டி6210 ஊற்றும்போது மருந்தில்லாத ஃபில்டர் போடுங்கள்.

ஊற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. 24 லிட்டர் வண்டியில் கழுவிய பிறகும் பிளாக்கில் 6 லிட்டர் தங்கியிருந்தால், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் 18 லிட்டர்தான் பிடிக்கும். 50 சதவீதம் என்று நினைத்தது 37.5 ஆகிவிடும், மருந்தும் அதே விகிதத்தில் குறையும். ஃப்ளஷ் செய்த வண்டிக்கு, தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட்தான் சரி: 12 லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டிஎம் வாட்டரால் நிரப்புங்கள். மெதுவாக ஊற்றுங்கள், காற்று வெளியேறும் ஏர் ஸ்க்ரூவைத் திறந்தே வையுங்கள். இன்ஜின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும். ஆறவிட்டு மறுபடி நிரப்புங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ட்டின் முக்கியப் பொருளான கிளைக்கால் (glycol) எதற்கு என்று கூலன்ட்டைக் குறைக்காதீர்கள், அது குறைந்தால் மருந்தும் குறையும்.

இறக்கிய பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ ரோட்டோரத்திலோ விடாதீர்கள். அது இனிக்கும், மாடும் நாயும் குடித்தால் செத்துப்போகும். கேனில் பிடித்து மூடி வையுங்கள்.

கடைசியாக ரேடியேட்டர் மூடி. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம், அங்கே வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். 0.5 பார் மூடி அதைச் சுமார் 108க்குத் தூக்கும், பாதிக்குப் பாதி கிளைக்கால் இன்னும் ஏழெட்டு டிகிரி கொடுக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அந்த அழுத்தம் கிடையாது, இருபது கொண்டை ஊசி வளைவையும் லோடோடு ஏறி முடிப்பதற்குள் பொங்கிவிடும். பழைய மூடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதே அளவில் புதுசு வாங்கிப் போடுங்கள்.