சோறு ஊட்டும்போது போன் வேண்டாமே

பிள்ளைகள் கையில் போன் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான். பாட்டு ஓடினால் வாய் தானாகத் திறக்கும், உண்மைதான். ஆனால் என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்பதே குழந்தைக்குத் தெரியாமல் போய்விடும். ரசம் சாதத்தைத் தட்டில் பிசைந்து முன்னால் வைத்துவிடுங்கள். பாதி தரையில் சிந்தும், மீதியை அதுவே அள்ளித் தின்னும். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து பாதியில் போனைப் பிடுங்காதீர்கள். நமக்கே யாராவது அப்படிச் செய்தால் கோபம் வரும். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை முதலில் நிறுத்திவையுங்கள். “இது முடிஞ்சதும் குடுத்துடணும், சரியா கண்ணு?” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி அழுகை குறையும்.

அப்புறம், தாத்தா பாட்டியிடமும் பக்குவமாகப் பேசிவிடுங்கள். பேரன் அழுதால் அவர்களுக்குத் தாங்காது, உடனே போனை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.