ஃப்ரேசல் வெர்ப்: ஒன்பதாவது வார நிலவரம்

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு அப், ஆஃப் போன்ற குட்டிச் சொல் சேர்ந்து தனிப் பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அதைப் பழகுவதில் முதல் மூன்று வாரம் தவறான வழியில் போய்விட்டேன். 'கெட்' என்ற வினையை எடுத்து, கெட் அப், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே என்று ஒரே நாளில் பதினைந்தை நோட்டில் எழுதினேன். மறுநாள் காலை கெட் ஓவர் எது, கெட் பை எது என்றே தெரியவில்லை. துன்பத்திலிருந்து மீள்வது முன்னது, இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது பின்னது. எல்லாம் 'கெட்' என்றே தொடங்குவதால் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன.

நான்காவது வாரம் நோட்டை மாற்றினேன். வினையை விட்டுவிட்டுப் பின்னால் வரும் குட்டிச் சொல்லைப் பிடித்தேன். ஈட் அப், ட்ரிங்க் அப், யூஸ் அப் மூன்றையும் அடுத்தடுத்து எழுதியதும் 'அப்' செய்யும் வேலை தெரிந்தது: மிச்சமில்லாமல் முடிப்பது. 'சாப்பிட்டுவிடு' என்பதில் 'விடு' செய்வதும் கிட்டத்தட்ட இதுதானே!

அப்புறம் தமிழில் தேட ஆரம்பித்தேன். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. கிவ் இன் என்றால் விட்டுக்கொடு. விடு, கொடு இரண்டுக்கும் தனித்தனியாகப் பொருள் தெரிந்த ஒருவருக்கு 'விட்டுக்கொடு' புரிந்துவிடுமா? புரியாது. நாம் அதை முழுதாகக் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தையும் அப்படித்தான் பழக வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் அன்றைய நாளில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதுகிறேன். மூன்று நாள் கழித்து வினையை மறைத்துவிட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

எல்லாமே இப்படி வசப்படுவதில்லை. 'ஆஃப்' என்னை ரொம்பப் படுத்தியது. ஸ்விட்ச் ஆஃப் என்றால் அணைப்பது. ஆனால் 'அலாரம் வென்ட் ஆஃப்' என்று ஒருவர் சொன்னபோது அலாரம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அலாரம் அடித்தது என்பதுதான் பொருள். வெடிகுண்டு வெடிப்பதும் கோ ஆஃப். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பால் கெட்டுப்போவதும் கோ ஆஃப். டேக் ஆஃப் மட்டும் என்ன? விமானம் கிளம்புவது, சட்டையைக் கழற்றுவது, ஒரு தொழில் திடீரெனச் சூடுபிடிப்பது. இவற்றை வாக்கியத்தோடு மனதில் ஏற்றுவதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வாரம் சொல் வரிசை. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. லுக் ஆஃப்டரை இப்படிப் பிரிக்கவே முடியாது. 'லுக் ஆஃப்டர் ஹர்' மட்டும்தான். பிரிபவற்றுக்குப் பச்சை மை, பிரியாதவற்றுக்குச் சிவப்பு மை. நேற்று வரை பச்சையில் இருபத்தாறு, சிவப்பில் பதினொன்று. அடுத்தது மேக் அப். கதை கட்டுவது, சண்டைக்குப் பிறகு சமாதானமாவது இரண்டுக்கும் வாக்கியம் எழுதிவிட்டேன். 'ஃபார்' சேர்ந்து ஈடுகட்டுவது என்று வரும்போது மட்டும் பேச்சில் இன்னும் தடுக்குகிறது.