நாளுக்கு 60 பை

ஒரு சுருக்குப் பை தைக்க எங்கள் வீட்டில் 14 நிமிடம் ஆகிறது. துணி வெட்ட வேண்டும், இரண்டு பக்கமும் தைக்க வேண்டும், ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்க வேண்டும், வாயை மடித்துத் தைக்க வேண்டும், நாடா கோர்த்து நுனியில் மணி கட்டி முடிச்சுப் போட வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் நூலை எல்லாம் கத்தரித்து அயர்ன் செய்து அடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 14 நிமிடம். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட மூன்று சீசன் ஆனது.

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், வெட்டுவதற்கு ஒரு பழைய சாப்பாட்டு மேஜை. நான், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் அக்கா, அவருடைய அண்ணன் மகள், மூன்று பேர். அக்கா முப்பது வருடமாகத் தைக்கிறவர். ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தவர் என்பதால் தையல் ஒரு நூல் கோணினாலும் அவருக்குத் தாங்காது, பிரித்துவிடுவார்.

நாங்கள் தைக்கும் இந்தத் தாம்பூலப் பைக்கு வேலை வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு ஆரம்பித்தது. கவர் அதனால் அடியோடு போய்விடவில்லை. ஆனால் கொலுவுக்கு வந்தவர் கையில் வெற்றிலை பாக்கைக் கவரில் போட்டுக் கொடுக்கப் பலருக்கும் கூச்சமாக இருந்தது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் போடும் நாட்களில் நின்று கேட்டால் தெரியும், பொம்மை வாங்கிய கையோடு "பை எங்கே கிடைக்கும்?" என்று நாலு பேராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியை நம்பித்தான் 2022ல் ஆரம்பித்தேன்.

முதல் வருடமே ஒரு பெரிய தப்பு நடந்தது. கோடவுன் தெருவில் ஒரு தான், அதாவது ஒரு முழுச் சுருள், காடா துணி எடுத்தோம். வெளுக்காத, சந்தன நிறத்தில் இருக்கும் துணி. அதற்குச் சிவப்பு நாடா எடுப்பாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. 80 பை ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போனது. மூன்றாம் நாள் அந்த அம்மா கூப்பிட்டார். கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் பேசினார். வெற்றிலையைத் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள், பச்சை மஞ்சள் கொம்பைக் கழுவி ஈரத்தோடு போட்டிருக்கிறார்கள். அந்த ஈரம் மேலே ஏறி நாடாவில் பட்டதும் சாயம் இறங்கி, பையின் வாய் முழுக்கச் சிவப்புத் திட்டாக ஆகிவிட்டது. உள்ளே இருந்த ரவிக்கைத் துணியிலும் ஒட்டிக்கொண்டது. வந்தவர்களுக்கு அதைத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

எட்டு நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பாதிதான் வாங்கிக்கொண்டார். பணத்தைவிட, சுமங்கலிகள் கையில் கறை படிந்த பையைக் கொடுக்க வைத்துவிட்டோமே என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. தாம்பூலம் என்பது கடையில் வாங்கிக் கொடுக்கும் பரிசு மாதிரி இல்லை. அதில் கறை இருக்கக் கூடாது.

அப்புறம்தான் துணியைப் பற்றிக் கற்றுக்கொண்டோம். அடர் சிவப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களில் நூல் குடித்தது போக மிச்சச் சாயம் மேலாகவே நிற்கும். சரியாக அலசாமல் விற்றுவிட்டால், முதல் ஈரத்தில் அது வெளியே வரும். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொன்னார்கள். நாங்கள் மூன்று முறை செய்து பார்த்தோம், நிற்கவில்லை. இப்போது செய்வது இதுதான்: கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, நாடாவை அதில் வைத்து இருபது தடவை அழுத்தித் தேய்ப்போம். கைக்குட்டையில் லேசாக ரோஸ் தெரிந்தால்கூட அந்த உருண்டை வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

காடாவையும் அப்படியே வெட்டக் கூடாது. ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறிகளில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டித்தான் நெய்வார்கள். அந்த இறுக்கம் துணியிலேயே இருக்கும், தண்ணீரில் போட்டதும் விடும். 44 அங்குல அகலத்துணி எங்கள் தொட்டியில் ஒரு ராத்திரி ஊறிக் காய்ந்ததும் 42 ஆனது. ஊற வைக்காமல் தைத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வாங்கியவர் ஆறு மாதம் கழித்துத் துவைப்பார், காடா சுருங்கும், மேலே வைத்த ஜரிகை பார்டர் சுருங்காது, பை முறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு அது பீரோ மூலைக்குத்தான். தூக்கிப் போடாமல் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதற்காகத்தானே துணிப்பை? ஊற வைக்காத காடாவில் தைப்பதை நான் விட்டுவிட்டேன். அதனால் ஒரு பைக்கு மூன்று ரூபாய் கூடுகிறது. அந்த மூன்று ரூபாயை விலையில் வைத்துவிடுகிறேன், கேட்பவரிடம் காரணத்தையும் சொல்கிறேன்.

இனி 2024க்கு வருகிறேன். விஜயதசமி அக்டோபர் 12. தீபாவளி அக்டோபர் 31. நடுவில் 19 நாள். நவராத்திரி முடிந்த கையோடு தீபாவளிக்கு ஆர்டர்கள் வந்தன. ஒரு அலுவலகம் ஊழியர்களுக்கு இனிப்பும் உலர்பழமும் வைத்துக் கொடுக்க 500 பை கேட்டது. ஐப்பசிக் கல்யாணம் ஒன்றுக்கு 350. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று சில்லறையாக 300. எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். அக்கா நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தனைக்கு ஒத்துக்கிட்டியே, எந்தக் கையால தைக்கிறது?" என்று கேட்டார். ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடலாம் அக்கா என்றேன்.

அக்டோபர் 15ஆம் தேதி மழை பிடித்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு நாள் அக்காவும் பெண்ணும் வர முடியவில்லை, ஒரு நாள் மின்சாரமும் இல்லை. ஊற வைத்த 40 மீட்டர் காடா வீட்டுக்குள் கொடி கட்டிக் காயாமல் தொங்கியது. ஈர வாடை சமையலறை வரை வந்தது. அந்தத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் முதல் முறையாக ஒழுங்காகக் கணக்குப் போட்டேன்.

மூன்று பேர், ஆளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 1,080 நிமிடம். 14ஆல் வகுத்தால் 77 பை. ஆனால் பாபின் தீரும், ஊசி உடையும், யாராவது பார்க்க வருவார்கள், அக்காவுக்குத் தோள்பட்டை வலிக்கும். பழைய நோட்டைப் புரட்டினால், நல்ல நாளிலும் 60தான் முடித்திருக்கிறோம். 28ஆம் தேதிக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். ஞாயிறு கழித்து, மழை நாள் இரண்டையும் கழித்தால் 11 நாள். 660 பை. நான் ஒத்துக்கொண்டிருந்ததோ 1,150.

ராத்திரி உட்கார்ந்தால் முடியும் என்று சொன்னவள் நான். ராத்திரித் தையல் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். முதலில் கெடுவது நாடா கோர்ப்பதுதான். நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி, மடிப்புக்குள் விட்டு, விரலால் துணியைச் சுருக்கிச் சுருக்கி ஊக்கைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பக்கத் தையல் வரும் இடத்தில் ஊக்கு முட்டி நிற்கும். அங்கே பொறுமையாகச் சாய்த்து எடுக்க வேண்டும். அசதியில் இழுத்தால் மடிப்புத் தையல் இரண்டு மூன்று விட்டுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. வாங்கியவர் நாலாவது முறை சுருக்கி இழுக்கும்போது வாய் பிய்ந்துகொண்டு வரும்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு போன் செய்து, "கொஞ்சம்தான் முடியும் சார், மீதியைப் பொங்கலுக்குத் தருகிறேன்" என்றேன். அவர்களுக்கு எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி வேண்டும். மொத்த ஆர்டரையும் ரத்து செய்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அட்வான்ஸ் 16,250 ரூபாயில் பாதிக்கு மேல் துணியாகிவிட்டது, சீட்டுப் பணத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். மீதி 650 பை முடிந்தபோது 28ஆம் தேதி இரவு பதினொன்றரை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு இரண்டு விஷயம் மாறியது. முதலாவது, கூலி. அதுவரை பீஸ் ரேட்டில், ஒரு பைக்கு இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். சீசனில் அது கையை வேகப்படுத்தும், கண்ணை மூடிவிடும். ஒரு பையைப் பிரித்துத் தைத்தால் பிரித்தவருக்கே நஷ்டம் என்றால் யார் பிரிப்பார்கள்? இப்போது நாள் கூலி. அதுவும் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கையில் இருக்க வேண்டும், எனக்குப் பணம் வந்தாலும் வராவிட்டாலும். பெரிய இடங்களிலிருந்து பணம் தாமதமாகத்தான் வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, என்னைப் போல வீட்டிலிருந்து செய்கிறவர்களில் பலருக்கு இது தெரியாததால் சொல்கிறேன். உத்யம் என்பது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு. அது இலவசம், இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம். அந்த எண்ணை பில்லில் போட்டுவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பொருளை ஏற்றுக்கொண்டவர் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். நான் யாரிடமும் சட்டம் பேசியதில்லை. பில்லில் அந்த வரி இருப்பதே பாதி வேலையைச் செய்கிறது.

இரண்டாவது, காலண்டர். முன்னறைச் சுவரில் ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்ட தினசரி காலண்டர் தொங்குகிறது. சித்திரையிலேயே அதை இறக்கி, ஆடியிலிருந்து தீபாவளி வரை ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் 60 என்று எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமை சைபர். ஆயுத பூஜைக்கும் சைபர்; அன்றைக்கு மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அக்டோபர் 15க்குப் பிறகு வரும் தாள்களில் 40தான். ஆர்டர் வந்தால் கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கிப் புரட்டி, 60ஐ அடித்து 35, 35ஐ அடித்து 10 என்று கழித்துக்கொண்டே போவேன். சைபர் வந்த தாளுக்கு யார் கேட்டாலும் கிடையாது. "அந்த வாரம் நிரம்பிவிட்டது மாமி, முன்னால் வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் சரி என்கிறார்கள். பை கெட்டுப்போகிற பொருளா என்ன, ஆடியிலேயே வாங்கி வைத்தால் ஆகாதா? இதைக் கேட்க எனக்கு இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

2025ல் தீபாவளி அக்டோபர் 20. பெரிய மழைக்கு முன்பே எல்லாம் போய்ச் சேர்ந்தது. இந்த வருடம் நவம்பர் 8. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் ஆரம்பிக்கும். அதாவது கடைசி மூன்று வாரமும் மழைக்குள். அதனால் ஐப்பசியில் ஒரு முழத் துணிகூட ஊற வைப்பதில்லை என்று அக்கா முடிவு செய்துவிட்டார். இந்தக் கோடையிலேயே நாலு தான் ஊறிக் காய்ந்தாக வேண்டும். மாடிக் கொடிக்காகக் கீழ்வீட்டுக்காரரிடம் செவ்வாயும் வெள்ளியும் கேட்டு வாங்கியிருக்கிறோம். இன்று வெள்ளி. மேலே 60 மீட்டர் காய்கிறது, மூன்று மணிக்குத் திருப்பிப் போட வேண்டும்.