தலைவருக்கு நிற்பவர் எந்த ஊர்க்காரர்?

ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தால் நோட்டீஸில் ‘மண்ணின் மைந்தர்’ என்று போடாத வேட்பாளரே இல்லை. வேட்புமனு வாங்கும் அதிகாரி பார்ப்பது வேறு: அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண், 21 வயது முடிந்ததா என்பது.

வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஊரில் வீடு, நிலம், குலதெய்வக் கோயில் எல்லாம் இருக்கும். ஓட்டு மட்டும் சென்னை வாடகை வீட்டு முகவரியில் இருக்கும். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே தயாராகிறது. ஆகவே தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்காமல் பெயரை மாற்றிவிடுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணப் பாக்கியையும் அப்போதே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பரிசீலனை நாளில் எதிராளி முதலில் கிளப்புவது அதைத்தான்.

2019 தேர்தலில் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 300. செலவு உச்சவரம்பு 34,000. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மூன்றாண்டு போட்டியிடத் தகுதி போய்விடும். கட்சிச் சின்னம் தலைவருக்குக் கிடையாது. பழக்கமில்லாத சின்னத்தை இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் தேடிக் குத்த வேண்டும் என்பதால், அதை வீடுவீடாகக் காட்டவே பிரச்சாரத்தில் பாதி நேரம் போகும்.

ஊர்ப் பிடிப்பு என்றால் என்னவென்று கேட்பவருக்குத் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தைக் காட்டலாம். அந்த ஊரில் பிறந்த இளங்கோ ரங்கசாமி வேதிப் பொறியாளர். விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பினார். 1996-இல் தலைவரானார், 2001-இலும் ஜெயித்தார். கிரானைட் ஆலைகள் கழித்துப் போட்ட கல் துண்டுகளை வைத்து மலிவாக வடிகால் கட்டினார். மதிப்பீட்டில் இருந்த பொருள் அதுவல்ல என்று நடவடிக்கை பாய்ந்து, பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். கிராமசபை அவர் பக்கம் நின்றது, பதவி திரும்பியது. தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரின் இரு பக்கமும் வாழும் இரட்டை வீடுகளும் அந்த ஊரில் எழுந்தன. அந்தச் சுவரை எழுப்ப, படிப்பைவிட ஊரார் அவர்மேல் வைத்த நம்பிக்கைதான் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

அவருக்கு நேர்ந்தது புதியவர்களுக்குப் பாடம். நல்ல வேலையாகவே இருந்தாலும், மதிப்பீட்டில் இல்லாத பொருளைப் போடுமுன் பொறியாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கிராமசபைத் தீர்மானத்தையும் நோட்டில் ஏற்றுங்கள்.

இன்னொரு சிக்கல் காசோலை. தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வார்டுகளைக் கண்டுகொள்ளாமல் தன் ஓட்டை மட்டும் எண்ணி ஜெயித்தவர், மோட்டார் பழுதுக்குப் பணம் எடுக்கக்கூட எதிர் அணி வீட்டு வாசலில் நிற்க நேரிடும்.

வாக்காளர்கள் செய்ய வேண்டியது ஒன்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள்: கடைசி ஆறில் எத்தனை வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது?